நூலை விழுங்கிய பூனை

பூனை எதையோ விழுங்கிவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் இருப்பவர்கள் எல்லாருமே மருத்துவராகிவிடுகிறார்கள். பாட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய் என்பார். ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்திறங்கிய மாமா, உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாம் என்பார். எதற்கும் பதறாத ஒருவர், "விடுங்க, தானா வெளிய வந்துடும்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்புவார். இதில் கடைசி ஆள் சொல்வது சில சமயம் சரி. மற்ற மூவர் சொல்வது ஏறக்குறைய எப்போதும் தவறு. அந்தச் 'சில சமயம்' எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பூனையின் உயிர் இருக்கிறது.

ஊத்துக்கோட்டை மாதிரியான ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டிய தாலுக்கா தலைமையிடம் இது. கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. சென்னைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நம் கிராமப்புறங்களில் அரசு கால்நடை மருத்துவமனைக்கு மக்கள் வைத்த பெயர் மாட்டாஸ்பத்திரி. பெயரில் தவறு இல்லை. கறவை மாடு, ஆடு, கோழி என்று பிழைப்போடு சேர்ந்த பிராணிகளுக்காக உருவான அமைப்பு அது. பூனையைப் பார்க்க மாட்டார்கள் என்று பொருளல்ல; பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். ஆனால் ஸ்கேன் எடுத்து, மயக்கம் கொடுத்து, மூன்று கிலோ பிராணியின் வயிற்றைத் திறந்து தைப்பதற்குப் பொதுவாகச் சென்னைக்குத்தான் போயாக வேண்டும். ஆகவே இங்கே பூனை வளர்ப்பவர் எடுக்கிற முடிவு, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதையும் சேர்த்தது.

முதலில், பூனை எதை விழுங்குகிறது? நாயைப் போலக் கண்டதையும் கவ்வி உள்ளே தள்ளும் பிராணி அல்ல அது. சோற்றில் கூட முகர்ந்து பார்த்துப் பிடிக்காததை ஒதுக்கிவிடும். கல்லையும் காசையும் அது விழுங்குவது அபூர்வம். ஆனால் நெளிகிற, இழுபடுகிற, நீளமான எதைக் கண்டாலும் அதன் வேட்டைப் புத்தி விழித்துக்கொள்கிறது. நம் வீடுகளில் அப்படிப்பட்ட பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பெரியபாளையம் பக்கத்து மல்லியைக் கட்டி முடித்ததும் தரையில் கிடக்கும் நூல் துண்டு. தையல் மிஷினுக்கு அடியில் சுருண்டிருக்கும் இழை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து விசைத்தறி வீடுகளில் கேட்கவே வேண்டாம். நெய்யில் ஊறிய விளக்குத் திரி, மீன் வாசம் பிடித்த தூண்டில் நரம்பு, பட்ட நூல், தலைக்குப் போடும் ரப்பர் பேண்டு, பரிசுப் பொட்டலத்தின் ஜிகினா ரிப்பன் என்று பட்டியல் நீளும். நெய்யோ மீனோ பட்ட நூலைப் பூனை விளையாட்டாக மட்டும் அல்ல, உணவாகவே எடுத்துக்கொள்கிறது.

ஊத்துக்கோட்டையிலிருந்து எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை உண்ட சிவன் அங்கே அம்பிகையின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். விழுங்கியதைத் தொண்டையிலேயே நிறுத்திவைக்கும் வசதி அவருக்கு இருந்தது. பூனைக்கு இல்லை. அதன் நாக்கின் மேல் உள்ள கடினமான முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்தே சாய்ந்திருக்கின்றன. எலும்பில் ஒட்டிய சதையைச் சுரண்டவும் ரோமத்தைக் கோதவும் அமைந்த முட்கள் அவை. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் அந்த முட்களின் நுனி குழிந்து, எச்சிலை ஏந்தி ரோமத்தின் அடிவரை கொண்டுபோவதைக் காட்டினார்கள். வேலைக்கு அருமையான கருவிதான். ஆனால் ஒரு நூல் அதில் மாட்டினால் துப்புவது மிகக் கடினம். நாக்கு அசைய அசைய நூல் உள்நோக்கியே நகரும். பல பூனைகள் ஆசைப்பட்டு விழுங்குவதில்லை, வேறு வழியில்லாமல் விழுங்குகின்றன.

உள்ளே போன நூல் முழுசாக மலத்தோடு வந்துவிட்டால் கதை முடிந்தது. அப்படி முடிகிற கதைகள் எத்தனையோ இருக்கும்; யாரும் எழுதி வைப்பதில்லை. சிக்கல், நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ளும்போது தொடங்குகிறது. அந்த இடம் பெரும்பாலும் நாக்கின் அடிப்பாகம். நூல் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொள்கிறது. இல்லையென்றால் இரைப்பையின் வாசலில் பந்தாகச் சுருண்டு நின்றுவிடுகிறது. மறுமுனை குடலுக்குள் போகிறது. குடலோ தன் வேலையைச் செய்கிறது: அலை அலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதைக் கீழே தள்ளப் பார்க்கிறது. நூல் நகராது. அதனால் குடல் நூலின் மேல் ஏறிக்கொள்கிறது. உள்பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக்கொள்வதைப் போலக் குடல் முழுக்க மடிப்பு மடிப்பாகக் கூடிப்போகிறது. இழுபட்டு விறைத்த நூல், மடிப்புகளின் உள்வளைவில் குடலின் சுவரை மெல்ல அறுக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் அல்ல, பல இடங்களில். ஓட்டை விழுந்தால் குடலில் உள்ளது வயிற்றறைக்குள் கசியும். அதன் பிறகு நடப்பது கிருமித் தொற்றோடு ஒரு போராட்டம்.

ஊசியோடு நூல் போய்விட்டால் எல்லாரும் ஊசியை நினைத்துத்தான் பதறுகிறார்கள். ஊசி வாயின் மேலண்ணத்திலோ தொண்டையிலோ குத்தி நின்றால் ஆபத்துதான். ஆனால் வயிற்றுக்குள் இறங்கிய ஊசி குத்தாமல் வெளியேறுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவதால் அது எங்கே இருக்கிறது என்று கண்காணிக்கவும் முடிகிறது. எக்ஸ்ரேயில் தெரியாத நூல்தான் சத்தமில்லாமல் அறுப்பது. 1984இல் ஃபெல்ட்ஸ், ஃபாக்ஸ், பர்க் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் ஊசியையும் நூலையும் விழுங்கிய 64 பூனைகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். இன்றுவரை இந்தப் பொருளில் எழுதுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் தொகுப்பு அது. 2009இல் பிரிட்டனில் ஹேய்ஸ் என்பவர் அந்நியப் பொருள் விழுங்கிய 208 நாய் பூனைகளின் பதிவுகளை அலசினார். உருண்டையான, தனித்த பொருளை விழுங்கிய பூனைகள் எல்லாமே பிழைத்தன. நூல் வகை விழுங்கிய பூனைகளில் பிழைத்தவை 63 விழுக்காடு. அறிகுறி தோன்றியபின் நாள் கடத்தக் கடத்த இறப்பும் கூடியது. அந்த 208இல் பூனைகள் சிறுபான்மைதான் என்பதால் விழுக்காட்டை அப்படியே தூக்கிப் பிடிக்க வேண்டாம். இன்னொன்று, இவையெல்லாம் மருத்துவமனைக்கு வந்த பூனைகளின் கணக்கு. வீட்டிலேயே நூலை வெளியேற்றிவிட்டு வெயிலில் தூங்கிய பூனை எந்த ஆய்விலும் இல்லை. ஆனால் நூல் ஆபத்து, தாமதம் ஆபத்து என்ற திசையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

"மாடு பிளாஸ்டிக் தின்னுட்டு வருஷக்கணக்கா சுத்துதே, பூனைக்கு ஒரு நூல் என்ன பண்ணிடும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலைச் சேர்ந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வெளியே எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆன அறுவை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த அதே ஆண்டு என்பதால் நாடெங்கும் செய்தியானது. பசுவின் முதல் இரைப்பை பெரிய கிடங்கு; தின்றதைத் தேக்கிவைத்து ஊறவைப்பதே அதன் வேலை. அதனால் குப்பையும் அங்கே ஆண்டுக்கணக்கில் தேங்குகிறது. பூனையின் இரைப்பை சிறியது, குடல் குறுகியது, தேக்கிவைக்க இடமில்லை. மாட்டுக்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிற கேடு பூனைக்குச் சில நாட்களில் முடிந்துவிடும்.

சரி, விழுங்கியாயிற்று. கண்ணெதிரே நூல் முனை வாயிலிருந்து தொங்குகிறது, அல்லது ஆசனவாயிலிருந்து. யாருக்கும் கை பரபரக்கும். இழுக்கக் கூடாது. மேலே சொன்ன மடிப்புகளை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால், அறுப்பதை விரைவாக்குவது நம் கையாகிவிடும். பின்பக்கம் நீளமாகத் தொங்கி, பூனை அதை மிதிக்கவோ கடித்து இழுக்கவோ பார்த்தால், சில சென்டிமீட்டர் விட்டுவிட்டு மீதியைக் கத்தரிக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வாயில் தொங்குவதைக் கத்தரிக்கவும் வேண்டாம். அந்த முனை மருத்துவருக்கு வேண்டும். நாக்கின் அடியில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க, வாயைத் திறந்து கீழ்த்தாடையின் அடியிலிருந்து, இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் கட்டைவிரலால் மேலே அழுத்துவார்கள், நாக்கு தூக்கிக்கொள்ளும். பூனை கடிக்கும், அதனால் மயக்கம் கொடுத்தே பெரும்பாலும் செய்வார்கள். ரேபிஸ் உள்ள நாட்டில் பதறிப்போன பூனையின் வாய்க்குள் விரல் விடுவது வீரம் அல்ல.

வாந்தி எடுக்க வைப்பது? உப்புத் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையையே தாக்கும். நாய்களுக்குச் சில இடங்களில் பரிந்துரைக்கப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு, பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கிறது. மருத்துவர் சைலசின் அல்லது டெக்ஸ்மெடடோமிடின் ஊசி போட்டு வாந்தி வரவைப்பார். அதுகூட, விழுங்கிச் சிறிது நேரமே ஆகி, பொருள் மழுமழுப்பாக இருந்தால்தான். ஊசி, தூண்டில் முள், நீண்ட நூல் மேலே வருகிற வழியில் இன்னொரு முறை கிழிக்கும். எண்ணெய்க்கு வருகிறேன். விளக்கெண்ணெய் வழுக்கிக்கொண்டு போகச் செய்யும் என்ற நம்பிக்கையில் வலுக்கட்டாயமாக ஊற்றினால், திமிறுகிற பூனையின் மூச்சுக்குழாயில் எண்ணெய் இறங்கி நுரையீரல் அழற்சி வரும். அடைப்பு உள்ள குடலை விளக்கெண்ணெய் மேலும் முறுக்கவும் செய்யும். வாழைப்பழம் இவற்றில் சாதுவானது. அது ஒன்றும் செய்யாது என்பதுதான் அதன் குறை. மயக்கம் கொடுக்க வேண்டிய பூனையின் வயிற்றை நிரப்பிவிடும். விழுங்கியது தெரிந்தபின் சாப்பாட்டை நிறுத்திவைத்து மருத்துவரிடம் ஃபோனில் கேட்பதே நல்லது.

வாந்தி எடுத்து முனகும் பூனைக்குக் குழந்தையின் காய்ச்சல் மருந்தைக் கொடுப்பவர்களும் உண்டு. விழுங்கிய நூலை விட இது கொடியது. பாராசிட்டமாலைப் பக்குவமாக உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனையைக் கொல்ல.

இப்போது காத்திருக்கலாமா என்ற கேள்வி. சட்டைப் பொத்தான், பாசிமணி மாதிரி சிறிய, மழுங்கிய பொருள், ஒன்றே ஒன்று, பூனை வழக்கம்போலச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது, மலம் போகிறது என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் மலத்தைக் கிளறிப் பார்த்துக் காத்திருக்கலாம். டிவி பக்கம் திரும்பிய ஆள் சரியாகிற இடம் இது மட்டும்தான். நூல், ரிப்பன், ஊசி, தூண்டில் முள் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி என்றால் மணிக்கணக்குத்தான்: ஈரத் திசுவில் பட்டதும் மின்னோட்டம் அங்கே காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். இரண்டு காந்தத் துண்டுகள் போயிருந்தால், குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவில் சுவரை நசுக்கும். பாச்சை உருண்டை, எலி மருந்து, மாத்திரை ஆகியவை அடைப்புக் கணக்கில் சேராது. அவை நஞ்சு, உடனே கிளம்ப வேண்டியவை.

நூல் விஷயத்திலும் மருத்துவர்களிடையே ஒரு வாதம் இருந்தது. 1987இல் பாஷரும் ஃபவுலரும் வெளியிட்ட ஆய்வில், நாக்கடியில் மாட்டிய நூலை வெட்டி விடுவித்துவிட்டு அறுவை செய்யாமல் கண்காணித்த பூனைகளில் ஏறத்தாழ பாதி தாமே நூலை வெளியேற்றின. மீதிக்கு அறுவை தேவைப்பட்டது. இதைப் படித்துவிட்டு வீட்டில் காத்திருக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு மருத்துவமனைக் கூண்டில், ட்ரிப்ஸோடு, தேவைப்பட்ட மணியில் அறுவை மேசைக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டோடு நடந்தது. அறுவைக் கூடம் பக்கத்து அறையில் இருப்பவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு ஒரு சிகிச்சை முறை. பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம், செங்குன்றம் தாண்டிப் போக வேண்டியவருக்கு அது சூதாட்டம்.

விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால் கண்டுபிடிப்பது கடினம். கணவன் மனைவி இருவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ தேர்வாய்கண்டிகைக்கோ வேலைக்குப் போய்விடும் வீட்டில் பகல் முழுக்கப் பூனை தனியாக இருக்கிறது. முதலில் வாந்தி, பிறகு உணவை முகர்ந்துவிட்டு விலகல், எச்சில் வடிதல், முன்காலால் வாயைத் தேய்த்தல், கட்டிலுக்கடியில் ஒடுங்கல் என்று வரும். ரோமப் பந்தைக் கக்குகிறது என்று நினைப்பது சுலபம். ரோமம் கக்கிய பூனை சிறிது நேரத்தில் சாப்பிட வந்துவிடும் என்பதுதான் வேறுபாடு. நூல் வழியை முழுதாக அடைக்காததால், இடையில் ஒரு நாள் தேறியது போலவும் காட்டும். அந்த ஒரு நாளில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆண் பூனை முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று முடிவு கட்ட வேண்டாம். சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான். பட்டினியே பூனைக்குத் தனி ஆபத்து: சில நாள் சாப்பிடாவிட்டால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடல் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரலைச் செயலிழக்கச் செய்யும்.

ஆகவே வளர்ப்பவரின் வேலை பொருளை வெளியே எடுப்பது அல்ல. என்ன போனது, எப்போது போனது, எவ்வளவு போனது என்ற மூன்று தகவல்களோடு பூனையைச் சரியான மேசைக்குக் கொண்டுசேர்ப்பது. அதே நூலின் மிச்சத்தை, அதே பொம்மையின் இன்னொரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாந்தியை ஃபோனில் படம் எடுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மயக்க மருந்துக்கு அது வேண்டும். மூடியுள்ள கூடையோ காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியோ போதும். தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் போவது பாதி வழியில் பூனையைத் தொலைக்கும் வழி. 1962 என்ற எண் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. அது பெரும்பாலும் கிராமத்து மாடு ஆடுகளுக்கு வீட்டு வாசலில் முதல் சிகிச்சை தருவதற்கான ஏற்பாடு. வயிற்று அறுவைக்கு அதை நம்பியிருக்க முடியாது. உள்ளூர் மருத்துவரை முதலில் பார்ப்பது வீண் இல்லை. நீர்ச்சத்து ஏற்றி, வாயைச் சோதித்து, "உடனே போங்க" என்று அவர் சொன்னால் அது பாதி சிகிச்சை. ஆனால் "நாளைக்கும் வாங்க, பார்ப்போம்" என்றால், நூல் போனது உறுதி என்று தெரிந்த நிலையில், மறுநாளுக்கு வைக்காமல் கிளம்புவேன்.

1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூத்த கல்லூரி அதுதான். நகரத்தில் தனியார் மருத்துவமனைகளும் நிறைய உண்டு, செலவு கூடும். எங்கே போனாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: வயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே, பிறகு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். நூல் எக்ஸ்ரேயில் தெரியாவிட்டாலும், கொசுவிய குடலும் மடிப்புகளில் சிக்கிய சிறுசிறு காற்றுக் குமிழ்களும் அதைக் காட்டிக்கொடுக்கும். குடலில் ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கொடுக்க மாட்டார்கள். வயிற்றறையில் கசிந்தால் அதுவே கேடு. பொருள் இரைப்பையிலேயே இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக வயிற்றைத் திறக்காமல் எடுக்கவும் முடியும்.

நூல் குடலுக்குள் நீண்டிருந்தால், முன்பு பல இடங்களில் குடலைத் திறந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு திறப்பும் பிறகு கசியக்கூடிய ஒரு தையல். 1992இல் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் ஓர் எளிய வழியை எழுதினார்கள்: ஒரே திறப்பு, நூலின் முனையை மெல்லிய ரப்பர் குழாயில் தைத்து, குழாயைக் குடலோடு மெல்ல நகர்த்தி ஆசனவாய் வழியே வெளியே எடுத்துவிடுவது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாத முறை. ஆனால் குடல் இன்னும் கிழியாமல் இருந்தால்தான் இது கைகொடுக்கும். கருத்துப்போன பகுதி இருந்தால் அதை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைக்க வேண்டும். முதல் நாள் வந்த பூனைக்கும் நாலாம் நாள் வந்த பூனைக்கும் அறுவை மேசையில் உள்ள வித்தியாசம் இதுதான்.

தடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பூ கட்டி முடித்ததும் நூலை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும், குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும், நூல் கட்டிய விளையாட்டுக் குச்சியை ஆட்டம் முடிந்ததும் உள்ளே வைக்க வேண்டும். துணியையும் கம்பளியையும் விடாமல் மென்று தின்னும் பூனைகள் தனி வகை. சியாமீஸ், பர்மீஸ் இனங்களில் இது கூடுதலாகத் தென்படுகிறது. பிரிட்டனில் பிராட்ஷாவும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் இதைத் தனியாக ஆராய்ந்தார்கள். நம் நாட்டுப் பூனை திடீரென்று அப்படித் தின்னத் தொடங்கினால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பூனைக்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றாமல், மசித்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கச் சொல்வார்கள். குடல் தையல் விட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். வெளித் தையல் அழகாக ஆறியிருப்பதை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்ய முடியாது. அந்த நாட்களில் மறுபடி வாந்தி வந்தாலோ, தொட்டால் வயிறு வலித்துச் சீறினாலோ, உடல் குளிர்ந்து ஒடுங்கினாலோ, தையல் பிரிக்கக் கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே கூடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் வண்டி ஏற வேண்டும்.